நைனாவும் ஜெர்மன் நாரைகளும்

1

நைனா ஊருக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் தபால் பெட்டியில் கீழ்வீட்டுத் திருமதி கெல்லர் ஒரு கடிதம் போட்டிருந்தார். இந்த ஊரில் ஒரே கட்டடத்தில் குடியிருப்பவர்கள்கூட ஒருவருக்கொருவர் கடிதம்தான் எழுதிக்கொள்வார்கள். பன்னிரண்டு படி ஏறி வந்து கதவைத் தட்டினால் விஷயம் முடிந்தது. ஆனால் அது மரியாதை இல்லையாம். கணினியில் அடித்து, அச்செடுத்து, உறையில் போட்டு, மேலே 'திருமதி முனுசாமி அவர்களுக்கு' என்று எழுதினால்தான் மரியாதை.

முனுசாமி என் அப்பா பெயர். என் பெயர் கோமதி. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தை எதையாவது போட்டு நிரப்பியே ஆக வேண்டும் என்றபோது நைனா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து இந்த நாட்டுக்கு நான் முனுசாமி. ஆந்திர எல்லையில் எங்கள் நகரிப் பக்கம் அப்பாவை நைனா என்போம். சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.

கடிதத்தில் இருந்தது இதுதான்: 'ஞாயிறு காலை எட்டரை மணிக்கு உங்கள் பால்கனியில் கடுமையான வாக்குவாதம் நடந்ததைக் கேட்க நேர்ந்தது. ஞாயிறு அமைதி நாள் என்பதை நினைவூட்டுகிறேன். அத்துடன், வீட்டில் யாருக்காவது உதவி தேவையா என்றும் கேட்க விரும்புகிறேன்.' கீழே ஒரு தொலைபேசி எண். அடி வாங்கும் பெண்களுக்கான எண் அது. கூகிளில் தேடிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன்.

நடந்த வாக்குவாதம் என்னவென்றால், தோசை மாவு புளிக்கவில்லை. நைனா பால்கனியில் காபி குடித்துக்கொண்டே சமையலறையில் இருந்த எனக்கு அதைத் தெரிவித்தார்.

"மாவு இன்னும் புளிக்கவே இல்லம்மா! இந்த ஊரு வெயிலு இன்னா வெயிலு, பல்லக் காட்டிக்கினு கீது, சூடே இல்ல!"

இதற்குத்தான் உதவி எண். மூன்று மாதமாக நான் அவரிடம் அதிகம் சொன்ன வார்த்தை எது என்று கணக்கெடுத்தால் 'மெதுவா' என்பதுதான் முதலிடத்தில் இருக்கும். மெதுவா நைனா. மெதுவாப் பேசு நைனா. பஸ்ஸில் மெதுவா, கடையில் மெதுவா, மாடிப்படியில் மெதுவா. அவரும் ஒவ்வொரு முறையும் என் முகத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, அடுத்த நிமிஷமே அதே குரலில் ஆரம்பிப்பார்.

2

அவர் கத்துவதற்குக் காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. நாற்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்றவர். நகரியில் எங்கள் தெருவில் நுழைந்தாலே பேச்சு கேட்காது. பன்னிரண்டு தறி ஒரே கூரையின் கீழ் ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பயனில்லை. அதனால் ஷெட்டுக்குள் யாரும் குரலைச் செலவழிப்பதில்லை. உதட்டை மட்டும் அசைப்பார்கள். கையைக் காட்டுவார்கள். இழை அறுந்ததா, தார்க்குச்சியில் நூல் தீர்ந்ததா, முதலாளி வருகிறாரா, உன் வீட்டில் இன்று என்ன குழம்பு, எல்லாம் சத்தமில்லாமல் இருபதடி தாண்டிப் போய்ச் சேரும். அம்மா அதே ஷெட்டில் தார் சுற்றியவள். நான் பள்ளிக்கூடம் விட்டு நேராக அங்கேதான் போவேன். அந்தப் பேச்சுக்கு நாங்கள் பேர் எதுவும் வைக்கவில்லை. எல்லோரும் இப்படித்தான் பேசுவார்கள் என்று நான் நினைத்திருந்த வயது ஒன்று இருந்தது.

ஷெட்டை விட்டு வெளியே வந்ததும் கதை வேறு. உள்ளே அடக்கி வைத்த குரலை எல்லாம் வெளியே கொட்டுவார்கள். டீக்கடையில் நாலு பேர் பேசினால் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கும். நைனாவும் அவருடைய கூட்டாளி சுப்ரமணியும் போனில் பேசுவதைப் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள். யாரும் யாருடைய பதிலுக்கும் காத்திருப்பதில்லை. பத்து நிமிஷம் கழித்து இருவரும் திருப்தியாக வைத்துவிடுவார்கள்.

இத்தனை தெரிந்தும் எனக்கு எரிச்சல் வந்தது என்றால், அந்த எரிச்சல் சத்தத்தால் மட்டும் வந்ததில்லை. நான் கேட்க நினைத்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் இந்த மனிதர் இத்தனை சத்தத்துக்கு நடுவில் பேசவே இல்லை. அதைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

3

போன வருஷம் அக்டோபரில் அம்மா இறந்துபோனாள். நெஞ்சு வலி என்று திருப்பதிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே, புத்தூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. நான் அவளுடைய ஒரே பெண். நான் போகவில்லை.

எங்களுடைய தங்கும் அனுமதி செப்டம்பரோடு முடிந்திருந்தது. புதுப்பிக்க மனு கொடுத்தாகிவிட்டது. நிரந்தர அனுமதி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. அதற்கான மொழித் தேர்வில் நான் இரண்டு முறை கோட்டை விட்டவள். இடைக்காலச் சான்று என்று ஒரு தாள் உண்டு. அது கையில் இருந்தால் வெளியே போய்விட்டு உள்ளே வரலாம். அந்தத் தாளை வாங்குவதற்கு எனக்குக் கொடுத்திருந்த தேதி மூன்று வாரம் கழித்து.

அம்மா போன செய்தி வந்த அன்று காலையிலேயே முன்பதிவு இல்லாமல் வெளிநாட்டினர் அலுவலகத்துக்கு ஓடினேன். ஜன்னலில் இருந்தவர் கெட்டவர் இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர்கூடக் கொடுத்தார். பிறகு, அவசரம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமானால் இறப்புச் சான்றிதழ் வேண்டும், அதுவும் பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளர் ஜெர்மனில் பெயர்த்தது வேண்டும் என்றார். அம்மா இறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. எங்கள் ஊரில் சான்றிதழ் தெலுங்கில் வரும். அது வந்து, தெலுங்கு தெரிந்த ஜெர்மன் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடித்து... நான் சிரித்துவிட்டேன். அவர் பயந்துபோய் இன்னொரு தம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

இதில் ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். போக முடியாது என்றில்லை. டிக்கெட் எடுத்தால் அன்று இரவே கிளம்பியிருக்கலாம். போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அவ்வளவுதான். இங்கே என்னை விட்டால் வேறு ஆளில்லாத என் பதின்மூன்று வயதுப் பெண் நிலா இருந்தாள். தையல் கடையில் பேன்ட் ஓரம் மடிக்கும் என் வேலை இருந்தது. நான் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்துத்தான் போகாமல் இருந்தேன்.

மறுநாள் நைனாவுக்குப் போன் செய்து ஒரு மணி நேரம் இதையெல்லாம் சொல்லி அழுதேன். அவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நைனா சொன்ன பதில்: "சரி சரி. துன்னியா?"

மன்னித்துவிட்டார் என்று முதல் வாரம் நினைத்தேன். கோபத்தில்தான் ஒற்றை வார்த்தையில் முடித்துவிட்டார் என்று இரண்டாவது வாரம் தோன்றியது. அதன்பிறகு பத்து மாதம் அந்த 'சரி சரி' என்னைத் தூங்கவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் எத்தனை முறை அந்தப் பக்கம் பேச்சைத் திருப்பினாலும் அதே பதில்தான். அதிலும் ஒரு கூத்து. அம்மா இருந்தவரை அவள் போனைப் பிடித்துக்கொள்வாள், இருவர் முகமும் தெரியும். ஆனால் நைனா என்னைப் பார்க்கவே மாட்டார், அம்மாவையே பார்த்துக்கொண்டு எனக்குப் பதில் சொல்வார். பெற்ற பெண்ணை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கக் கூடாதா என்று கோபம் வரும். அம்மா போன பிறகு வீடியோ காலைக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஜூனில் அவர் இங்கே வரும்வரை நான் பார்த்ததெல்லாம் நைனாவின் காதும் காதோர முடியும்தான்.

அதனால்தான் அனுமதி அட்டை கைக்கு வந்ததும் முதல் வேலையாக அவருக்கு விசாவுக்கு ஏற்பாடு செய்தேன். நேரில் உட்காரவைத்தால் ஒரு வார்த்தை வரும். திட்டினாலும் திட்டட்டும். ஜூன் போனது, ஜூலை போனது. தோசை மாவு பற்றிப் பேசினார், பஸ் நேரத்துக்கு வருவதைப் பற்றிப் பேசினார், இங்கே தெருவில் மாடு இல்லாததைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். அம்மாவைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. எனக்கும் நேராகக் கேட்க வாய் வரவில்லை. செவ்வாய்க்கிழமை விமானம். கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி.

4

அந்த ஞாயிறு பறவை பார்க்கும் நடைக்கு அவரை அழைத்துப்போனது என் யோசனை இல்லை. நிலாவுடையது. அவளுக்கு இப்போது பதினாலு. என்னோடு எங்கேயும் வருவதற்கு வெட்கப்படுகிற வயது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில் சொல்வாள், ஜெர்மனில் கேட்டால் என் உச்சரிப்பைத் திருத்துவாள். ஆனால் தாத்தாவோடு மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்து மணிக்கணக்காக ஏதோ செய்வார்கள், சத்தமே வராது. போன்தான் பார்க்கிறார்கள் என்று விட்டுவிடுவேன்.

கோடை முடிகிற நேரத்தில் நெக்கார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஊர்விட்டு ஊர் போகும் பறவைகள் கூடும். அறுவடையான வயல்களில் நாரைகள் இறங்கும். மின்கம்பிகளில் தகைவிலான் குருவிகள் வரிசையாக உட்காரும். எல்லாம் ஆப்பிரிக்காவுக்குப் போகிறவை. இவற்றைப் பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை எங்கள் பேட்டையிலிருந்து ஒரு பத்துப் பேர் கிளம்புவார்கள். வழிகாட்டி திரு. பிராண்ட், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். பறவைகளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது என்று அவர் என்னிடம் மட்டும் குறிப்பாகச் சிரித்துக்கொண்டே சொன்னார். போன வருஷமும் சொன்னார். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. பறவைக்கு முன்பதிவு ஜன்னலும் கிடையாது, அதைப் பற்றி யாரும் சிரிப்பதில்லை.

நடையின் முதல் விதி, பேசக் கூடாது. கிளம்புவதற்கு முன்பே நைனாவின் முகத்துக்கு நேராக நின்று மூன்று முறை சொன்னேன். "பேசக் கூடாது நைனா. பறவை பறந்துடும்."

"எனக்குத் தெரியாதா? திருப்பதில அலிபிரில இருந்து படி ஏறி மலைக்குப் போறப்ப நான் பேசறனா?" என்றார், பேசுவதைவிடச் சத்தமாக.

அரைமணி நேரம் நன்றாகத்தான் போனது. அறுபத்தேழு வயதில் எல்லோருக்கும் முன்னால் நடந்தார். யார் கண்ணிலும் படாததெல்லாம் அவர் கண்ணில் பட்டது. பைனாகுலர் இல்லாமலே தூரத்து வயலில் ஏழு நாரை என்று விரலைக் காட்டினார். திரு. பிராண்ட் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு ஏழு என்று ஒப்புக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அந்தப் பெருமை ஐந்து நிமிஷம் நிலைத்தது. பிறகு ஆற்றோரக் கற்களில் ஒரு வாலாட்டிக் குருவி வந்து உட்கார்ந்தது.

"ஏய் கோமதி! அத்தப் பாரு, வாலாட்டி! நம்ம ஏரிக்கு மார்கழில வருமே, அதே கழுதை!"

கழுதை பறந்தது. அதோடு கற்களில் இருந்த மற்றவையும் பறந்தன. பத்து ஜெர்மானியர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இவர்கள் ஒன்றும் சொல்லாமல் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்குப் பதில் இரண்டு வார்த்தை திட்டிவிடலாம்.

நைனா நிலைமையைப் புரிந்துகொண்டு சமாதானம் பேசப் போனார். எங்கள் எல்லைப்புறத்தில் ஒரு பழக்கம் உண்டு. எதிராளிக்குத் தமிழ் வராவிட்டால் தெலுங்கில் பேசினால் போதும், காரியம் நடந்துவிடும். நகரியில், சித்தூரில், திருப்பதியில் இது ஒருநாளும் பொய்த்ததில்லை. அதனால் உலகத்தில் தமிழ் தெரியாதவர் எல்லோரும் தெலுங்குக்காரர்தான் என்பது நைனாவின் உள்மனக் கணக்கு. திரு. பிராண்டின் தோளைத் தொட்டு, "தப்பா அனுக்கோகண்டி சாரு, பட்சி மள்ளி வஸ்துந்தி," என்றார். தப்பாக நினைக்காதீர்கள், பறவை மறுபடி வரும் என்று. திரு. பிராண்ட் அதை ஏதோ இந்திய ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டு கைகூப்பினார். நிலா சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைக் காட்டி நின்றாள். எனக்கு ஆற்றில் குதித்துவிடலாம் போல இருந்தது.

கொஞ்சதூரம் போனதும் ஒரு வில்லோ மரக் கூட்டம் வந்தது. திரு. பிராண்ட் சட்டென்று விரலை உயர்த்தினார். ஜில்ப்-ஜால்ப், ஜில்ப்-ஜால்ப் என்று ஒரு சின்னக் குருவியின் குரல். அதன் பெயரே இங்கே அதுதான். போகிற போக்கில் கடைசியாக ஒருமுறை பாடிவிட்டுப் போகுமாம். எல்லோரும் கண்களை மூடிக்கொண்டு கேட்டார்கள். நைனா ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவரும் கண்ணை மூடிக்கொண்டார். மெதுவாகத் தலையை ஆட்டினார். முகத்தில் ஒரு சிரிப்பு.

குருவி நிறுத்திவிட்டது. எல்லோரும் கண்ணைத் திறந்தார்கள். சரளைக் கல்லில் செருப்புச் சத்தம் கேட்க நடந்து அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்கள். நைனா அங்கேயே நின்றார். கண்ணை மூடியபடி, சிரித்தபடி, தலையை ஆட்டிக்கொண்டு, இல்லாத பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நைனா," என்று கூப்பிட்டேன். பத்தடி தூரம்தான். திரும்பவில்லை. "நைனா!" என்றேன். தலையாட்டல் நிற்கவில்லை. என் தொண்டையில் இருந்ததை எல்லாம் சேர்த்து, நகரி டீக்கடைக் குரலில், "நைனா!" என்று கத்தினேன். வயலில் இருந்த ஏழு நாரைகளும் எழுந்து பறந்தன. வளைவில் பத்துத் தலைகள் திரும்பின. நைனா மட்டும் அசையவில்லை.

நிலா என் கையைப் பிடித்தாள். "அவருக்குக் கேட்காதும்மா," என்றாள் ஜெர்மனில், சாதாரணமாக. "எதுவுமே கேட்காது. எனக்கு ஜூனிலேயே தெரியும். உதட்டைப் பார்த்துத்தான் பேசுறார். எனக்கும் சொல்லித் தரச் சொல்லி நான்தான் தொல்லை பண்ணினேன். உனக்குத் தெரியும்னு நெனச்சேன்."

5

நிலாவைக் கூட்டத்தோடு போகச் சொல்லிவிட்டு, நைனாவைக் கையைப் பிடித்து ஆற்றோர பெஞ்சில் உட்காரவைத்தேன். அவர் எதிரில் தரையில் மண்டியிட்டேன். குரலை எடுக்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்தேன். இருபது வருஷமாக நான் அப்படிப் பேசியதில்லை. ஆனாலும் வந்தது.

"எத்தினி வருஷமா கேக்கல?"

அவர் முதலில் முறைத்தார். பிறகு ஆற்றைப் பார்த்தார். பிறகு அவரும் ஷெட்டில் பேசுவதுபோலக் குரல் இல்லாமல் பேசினார். மூன்று மாதத்தில் முதல் தடவையாக நாங்கள் யாரையும் தொந்தரவு செய்யாமல் பேசினோம்.

"எவன் கண்டான். கொஞ்சம் கொஞ்சமாப் போச்சு. ஷெட்ல எவனுக்கு காது கேக்குது?"

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அவளுக்குத் தெரியாமயா? உன் போனு வந்தா ஸ்பீக்கர்ல போடுவா. நீ சொல்றத்த எனக்கு வாயசைப்பா. அத்தப் பாத்துக்கினு பதில் சொல்லுவேன். அந்தச் சின்ன போனுல உன் உதடு எனக்குப் புரியாது."

என்னைப் பார்க்காமல் அம்மாவையே ஏன் பார்த்தார் என்பது அப்போதுதான் விளங்கியது. அதற்காக எத்தனை ஞாயிற்றுக்கிழமை முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன்.

"அப்போ அம்மா போன மறுநாள் நான் பேசினேனே, ஒரு மணி நேரம்?"

"பேசின. போனு காதுல சூடாய்க்கினே இருந்துச்சு. இம்மாந்நேரம் பேசறாளே, அழுவுறா போலன்னு நெனச்சேன். சரி சரின்னேன்."

"நான் இன்னா சொன்னேன்னு தெரியாதா? நான் ஏன் வரலைன்னே உனக்குத் தெரியாதா?"

இல்லை என்று தலையசைத்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பத்து மாதம் நான் அந்த ஒரு வார்த்தையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துச் செத்துக்கொண்டிருக்கிறேன், இவர் அதை எதற்கும் சொல்லவே இல்லை. "வந்து மூணு மாசம் ஆச்சே, நேர்ல கேக்கறதுக்கு இன்னா?" என்று கேட்டேன். உதடு நடுங்கியதில் அவருக்குப் புரியாமல் இன்னொரு முறை சொல்லவேண்டி வந்தது.

"நீதான் எப்பப் பாத்தாலும் மெதுவாப் பேசு மெதுவாப் பேசுங்கற," என்றார். "அத்த எப்டி மெதுவா கேக்கறது?"

கொஞ்சநேரம் என்னால் தலை நிமிர முடியவில்லை. நிமிராவிட்டால் அவருக்கு என் உதடு தெரியாது என்பதால் நிமிர்ந்தேன். எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். அனுமதி அட்டை, மூன்று வாரம், தெலுங்குச் சான்றிதழ், தண்ணீர் கொடுத்த மனிதர். போனில் அழுகைக்குள் விழுங்கிவிட்ட பாகத்தையும் இந்த முறை விழுங்காமல் சொன்னேன். வந்திருக்கலாம் நைனா. திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வரவில்லை. நானாகத்தான் முடிவு செய்தேன்.

அவர் என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. முடித்ததும் கேட்டார். "திருப்பி உட மாட்டாங்களா?"

"உட மாட்டாங்க."

"பாப்பா இங்கதான இருந்துச்சு?"

"ஆமா."

"அப்போ வராததுதான் கரெக்டு. இதுக்கா ஒரு மணி நேரம் அழுத? போனுக்கு இன்னா காசு ஆவறது?"

அவ்வளவுதான். நான் பத்து மாதமாகக் காத்திருந்த வார்த்தை அது. மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டு, என்னவோ நினைத்துக்கொண்டவராக முழங்கையால் என்னை இடித்தார்.

"ஊர்ல நான் வேற மாதிரி சொல்லி வெச்சிக்கீறேன்."

"இன்னா சொன்ன?"

"உனக்கு கால் ஒடஞ்சி போச்சின்னு."

நான் அவர் உதட்டைத் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று நினைத்தேன். அவர் தெளிவாகவே சொன்னார். அம்மாவைத் தூக்குவதற்கு முன்பே வாசலில் பேச்சு வந்துவிட்டதாம். ஒரே பொண்ணு, தாய் முகத்தைப் பார்க்க வரவில்லையே, அப்படி என்ன வெளிநாடு என்று. நைனா எழுந்து நின்று, பொண்ணு படிக்கட்டில் விழுந்துவிட்டாள், ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறாள் என்று தெருவுக்கே கேட்கச் சொல்லியிருக்கிறார். சித்தி ஒருத்தி கொஞ்ச நாள் கழித்து, "ஈரத்துல நடக்காத கண்ணு," என்று எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். ஜெர்மனியில் மழை என்பதால் சொல்கிறாள் என்று நானும் ஒரு ஸ்மைலி அனுப்பியிருந்தேன்.

"நான் ஏன் வரலைன்னு உனக்கே தெரியாது. அப்பறம் ஏன் பொய் சொன்ன?"

"வராதவள திட்டுவாங்க," என்றார் நைனா. "கால் ஒடஞ்சவள எவ திட்டுவா?"

காரணமே இல்லாமல் வராமல் இருந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேதான் இந்த மனிதர் பத்து மாதம் எனக்குக் காலை உடைத்துக் காப்பாற்றியிருக்கிறார். நான் அவரை மெதுவாகப் பேசச் சொல்லிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது. இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

"அம்மா தெவசத்துக்கு வருவ இல்ல?" என்றார்.

"டிக்கெட் போட்டாச்சு நைனா."

"வந்தா கொஞ்சம் நொண்டி நட."

"ஒரு வருஷம் ஆச்சே, இன்னுமா சேந்திருக்காது?"

"பெரிய ஒடவுன்னு சொல்லிக்கீறேன். ரெண்டு எடத்துல."

வளைவிலிருந்து திரு. பிராண்ட் எட்டிப் பார்த்தார். நாங்கள் இருவரும் சத்தமே இல்லாமல் கையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, இத்தனை நேரத்துக்குப் பிறகாவது விதி புரிந்ததே என்பதுபோலக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

6

நகரியில் என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் தெலுங்கு மீடியம். மீதிப் பேர் வாட்ஸ்அப் தவிர வேறு எதையும் படிப்பதில்லை. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். யாராவது படித்துவிட்டால் சித்தியிடம் சொல்லவேண்டாம்.

திங்கட்கிழமை காது டாக்டரிடம் போகலாம் என்றேன். ஒரே நாளில் இங்கே எந்த டாக்டரும் பார்க்கமாட்டார், ஆறு வாரம் கழித்து நேரம் கொடுத்தார்கள். நைனா அதைக் கேட்டு, அதாவது பார்த்து, சந்தோஷப்பட்டார். காது மிஷினை மாட்டிக்கொண்டு ஷெட்டுக்குப் போனால் தலைவலிதான் மிச்சம் என்றார். திருப்பதியில் காட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்றிருக்கிறார். அவர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதில் எந்தச் சந்தேகமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பிராங்பர்ட் விமான நிலையத்தில் பையைத் தூக்கிக்கொண்டு சோதனை வரிசைக்குள் போனார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பெல்ட்டைக் கழற்றும்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி உறைத்தது. "நைனா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நிலா தலையில் கைவைத்துக்கொண்டாள். பெல்ட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு, அவர் பாட்டுக்கு நடந்தார். நான் கத்துவதை நிறுத்திவிட்டு நின்றேன். எப்படியும் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்.

கடைசியில், கூட்டத்துக்குள் மறைவதற்கு முன்னால், பார்த்தார். எங்களுக்கு நடுவில் கண்ணாடியும் ஒரு நூறு பேரும் இருந்தார்கள். நான் உதட்டை மட்டும் அசைத்தேன்.

"எந்தக் கால்?"

நைனா பையைக் கீழே வைத்தார். குனிந்து, இடது முழங்காலை இரண்டு முறை தட்டிக் காட்டினார்.